பள்ளிக்கூடத்தில் நான் ஸ்பீட் பிரேக்கர் ஆன விவரம்

இயேசு மரி சூசை துணை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மூத்த தமக்கை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை திருமதி வேளாங்கண்ணி அம்மாள் அவர்களின் சமூகத்திற்குத் தம்பி தனிஸ்லாஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் வெரோனிகாவும் குழந்தை மெரினும் ஆண்டவர் கிருபையால் உடல் அளவில் சுகம். மனசு அளவில் என் ஒருவனுடைய நிலைமையை மட்டும் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். காரைக்காலில் தங்கள் மூட்டுவலியும் மாமாவின் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போன் போட்டால் மாமா உடனே ஸ்பீக்கரில் வைத்துவிடுகிறார். போன தடவை என் மூலவியாதியைப் பற்றி நான் தங்களிடம் அந்தரங்கமாகச் சொன்னதற்கு, தங்கள் எதிர்வீட்டுக்காரர் எனக்குக் கருணைக்கிழங்கு கொடுத்தனுப்பினார். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போனைத் திறக்கிற நம்பர் வெரோனிகாவுக்குத் தெரியும், அவள் போனுடையது எனக்குத் தெரியாது. ஆகவே டிரைவிங் ஸ்கூல் ஆபீசில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எல்எல்ஆர் விண்ணப்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விஷயம் மெரினைப் பற்றியது. நம்ம மெரினைத் தங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. குளிக்கும்போது வாளியோடு பேசுவாள், தூங்கும்போது தலையணையோடு பேசுவாள். வாசற்படியைத் தாண்டியதும் யாரோ சுவிட்சை அணைத்தது மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் கேட்டாலும் சரி, கோயிலில் சாமியார் கேட்டாலும் சரி, என் காலைக் கட்டிக்கொண்டு பேன்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். போன வருஷம் அந்தப் பெரிய இங்கிலீஷ் ஸ்கூலில் எல்கேஜி போட்டோமே, அங்கே வருஷம் பூராவும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்ரூம் போகணும் என்று கேட்கக்கூட வாய் வராமல் அப்படியே நனைத்துக்கொண்டு, ஈர கவுனோடு ஒரு மூலையில் நின்றிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் ஊமை என்று பேரே வைத்துவிட்டார்கள். டாக்டர் காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். கடைசியில் அந்த மிஸ் எங்களைக் கூப்பிட்டு, "இந்தக் குழந்தை இங்க சரிப்படாது, வேற மாதிரி ஸ்கூல் ஏதாவது பாருங்க" என்று சொல்லிவிட்டது. அப்போது தாங்கள் என்ன சொன்னீர்கள்? "தனிஸு, அவளைக் காரைக்காலுக்கு அனுப்பு, மூணு மாசம் என்கிட்ட இருக்கட்டும், அகரத்துலேருந்து னகரம் வரைக்கும் கடகடன்னு சொல்ல வைக்கிறேன்" என்றீர்கள். நான் அன்றைக்கே அனுப்பியிருக்கணும். வெரோனிகா, "நாலு வயசுப் புள்ளையை அம்மாகிட்டேருந்து பிரிக்கிறதா?" என்று அழுதாள். தான் வேலை பார்க்கிற லேப்பில் கூட இருக்கிறவள் யாரோ சொன்னாள் என்று அவளே போய் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது அக்கா.

கருவடிக்குப்பத்தில் ஒரு சந்துக்குள்ளே பழைய ஓட்டு வீடு. போர்டு இருக்கிறது, ஆனால் அதைப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், ஆகவே படிக்க முடியாது. முதல் நாள் நான் டக்-இன் பண்ணிக்கொண்டு போனேன். வாசலில் முழங்கை வரைக்கும் களிமண் அப்பிக்கொண்டு ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தது. "ஆயாம்மா, பிரின்சிபாலைப் பாக்கணும்"னேன். "வாங்க சார், நான்தான் பூவிழி"ன்னு அது களிமண் கையாலேயே கும்பிட்டுச்சு. பெஞ்சு இல்ல, கரும்பலகை இல்ல, பிரம்பு சுத்தமா இல்ல. மணி அடிக்கிறதுக்குப் பதிலா ஒரு மேளம் தொங்குது, எந்தப் பிள்ளைக்குத் தோணுதோ அது போய் அடிக்குது. மிஸ்ஸுன்னு யாரும் கூப்பிடல, "பூவிழிக்கா, பூவிழிக்கா"ன்னு முதுகு மேல ஏறுதுங்க. "சிலபஸ் என்னங்க?"ன்னு கேட்டேன். "பாட்டு, படம், களிமண், கதை, ஆட்டம் சார். எழுத்து அதுக்குள்ளேருந்தே வரும்"னுச்சு. "எப்ப வரும்?" "அது குழந்தைக்குக் குழந்தை வேற சார்." அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கிறவன். பிரேக் அதுவா வரும், ஆளுக்கு ஆள் வேற, அப்படின்னு சொல்லி ஒருத்தனை ஈசிஆர் ரோட்டுல விட்டா நிலைமை என்ன ஆகும்? யூனிஃபார்ம் எங்க வாங்கணும்னு கேட்டதுக்கு, "பழைய துணியா போட்டு அனுப்புங்க, கறை படும்"னுச்சு. நான் திகைச்சுப் போய் வெரோனிகாவைப் பாக்குறேன், அவ அந்தப் பொண்ணையே பாத்துக்கிட்டு நிக்கிறா, ஏதோ தேர்ப் பவனியில மாதாவைப் பாக்குற மாதிரி.

சரி, போகட்டும்னு விட்டேன். ஒரு வாரம் கழிச்சு மெரின் ஒரு களிமண் உருண்டையைக் கொண்டாந்து என் சோத்துத் தட்டு பக்கத்துல வச்சா. நான் "என்னம்மா இது, கழுதையா?"ன்னேன். உடனே வெரோனிகா கண்ணைக் காட்டுறா, அப்படிக் கேக்கக் கூடாதாம். பிள்ளை செஞ்சதைப் பாத்து இது என்ன அது என்னன்னு கேட்டா அதுக்கு மனசு சுருங்கிடுமாம், "இதைப் பத்தி எனக்குச் சொல்லு"ன்னுதான் கேக்கணுமாம், பூவிழி சொல்லியிருக்காங்களாம். அக்கா, புத்தி கெட்டுப் போய் நானும் கேட்டுட்டேன். "இதைப் பத்திச் சொல்லும்மா." சொன்னா. நான் சாப்பிட்டு முடிச்சேன், கை கழுவினேன், பாத்திரத்தைத் தேய்ச்சேன், வெரோனிகா ஜெபமாலை முடிச்சுட்டா, இவ இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. அந்த உருண்டைக்கு ஒரு கல்யாணமே நடந்து முடிஞ்சிடுச்சு. வீட்டுக்குள்ள இவ்வளவு பேசுற பிள்ளை வெளியில போனா ஊமையா நிக்குது, இதுக்கு வைத்தியம் எழுத்தா களிமண்ணா? நான் கேக்குறது நியாயமா இல்லையா?

அடுத்தது செவுரு. எங்களுக்குக் கீழ குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தராசுவைப் பத்தி உங்களுக்குச் சொல்லியிருக்கேன். மில்லுல வேலை பாத்த மனுஷன், மில்லு மூடினப்புறம் அவருக்கு இந்த வீட்டுச் செவுருதான் உசுரு. ஆணி ஒண்ணு அடிக்க விடமாட்டார். எங்க வீட்டு மாதா படம் குடிவந்த நாள்லேருந்து நாற்காலியில சாஞ்சுக்கிட்டுத்தான் நிக்குது, யாராவது விருந்தாளி வந்தா மாதாவை எடுத்துக் கட்டில்ல வச்சுட்டு அவங்களை உட்கார வைக்கிறோம். அப்பேர்ப்பட்ட செவுத்துல, மெரின் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், பீட்ரூட்டையும் மஞ்சத்தூளையும் கரைச்சு அடுப்புக்கரியும் எடுத்துக்கிட்டு, கூடத்துலேருந்து மாடிப்படி வரைக்கும் கடல் வரைஞ்சுட்டா. பள்ளிக்கூடத்துல காய்கறியிலேருந்து கலர் எடுக்கச் சொல்லிக்குடுத்திருக்காங்க. அந்தக் கொடுமையை நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கோவிந்தராசு படியேறி வந்துட்டார். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம், ஆனா ஒரு மூலையில கொஞ்சம் சந்தோஷமும் இருந்துச்சு, இன்னிக்கு இவர் போடுற போடுல வெரோனிகாவுக்குப் புத்தி வரும்னு. மனுஷன் இடுப்புல கைவச்சு நின்னாரு. பாத்தாரு. "இன்னா பாப்பா இது, கடலா?"ன்னாரு. மெரின் வழக்கம்போல என் காலுக்குப் பின்னால போயிட்டா. "கடல்னா போட்டு எங்க?" பின்னாலேருந்து வந்து சத்தமில்லாம ஒரு போட்டு வரைஞ்சுட்டு மறுபடி ஓடி வந்துட்டா. "போட்டுக்கு இஞ்சின் எங்க?" இஞ்சின் வரைஞ்சா. "வலை?" வலை வரைஞ்சா. இப்படியே அவர் கேக்கக் கேக்க இவ வாயைத் திறக்காம வரைஞ்சுக்கிட்டே போக, மாடிப்படி முடிஞ்சு மொட்டைமாடிக் கதவு வரைக்கும் போயிட்டாங்க. சாயங்காலம் அந்த மனுஷன் கலர் சாக்பீஸ் வாங்கிக்கிட்டு வந்து குடுக்குறாரு! "இன்னாத்துக்கு தம்பி நீ கத்திக்கினு இருக்க, புள்ள வேலை செய்யுதுல்ல"ன்னு எனக்கே புத்தி சொல்றாரு. அதான் மனுஷன் நல்ல மூடுல இருக்காரேன்னு, "அப்ப மாதா படத்துக்கு ஒரு ஆணி அடிச்சுக்கட்டுங்களா?"ன்னேன். "செவுரு கெட்டுடும்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டார்.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கிட்டேன் அக்கா. நேத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியல. முந்தாநாள் பிள்ளைங்களை எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க, போட்டு வர்றதைப் பாக்க. பாத்தமா வந்தமான்னு இல்லாம, அங்கேயே கானாங்கெளுத்தி மீன் வாங்கி, அது மேல பெயிண்டைப் பூசி, பேப்பரை வச்சு அழுத்தி, மீன் அச்சு எடுத்திருக்காங்க. செதில், கண்ணு, வாலு எல்லாம் பேப்பர்ல அப்படியே விழுமாம். விழட்டும். அச்சு எடுத்த மீனை என்ன பண்ணணும்? தூக்கிப் போடணும். நம்ம மெரினுக்குத் தூக்கிப் போட மனசு வரல. யாருக்கும் தெரியாம நீலக் கலர் மீன் ரெண்டைப் பையில போட்டுக்கிட்டு, நான் ஆல்ட்டோவுல கூட்டிக்கிட்டு வரும்போது, அதுங்களுக்கு வெயில் படக்கூடாதுன்னு சீட்டுக்கு அடியில படுக்க வச்சுட்டு இறங்கிப் போயிட்டா.

நேத்து மத்தியானம் அந்த வண்டியில என்கிட்ட டிரைவிங் கத்துக்குற சிவசங்கரியம்மா வந்து உட்காந்தாங்க. பேங்க்ல பெரிய ஆபீசர், மரியாதையான பொம்பளை, ஸ்டியரிங்கைப் பிடிச்சா மட்டும் கண்ணை மூடிக்குவாங்க. வண்டிக்குள்ள நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். நான் அவங்க டிஃபன் பாக்ஸ்னு நினைச்சேன். அவங்க என்னைன்னு நினைச்சிருக்காங்க, ஏன்னா கொஞ்ச தூரம் போனதும் ரொம்பப் பதவிசா ஒரு பெப்பர்மின்ட் எடுத்து என்கிட்ட நீட்டினாங்க. மணிக்கூண்டுகிட்ட ஒரு ஆட்டோ குறுக்க வந்துச்சு. அவங்க பிரேக்கை ஒரு மிதி மிதிச்சாங்க. சீட்டுக்கு அடியிலேருந்து நீலக் கலர்ல ஒரு மீன் சர்ருன்னு வழுக்கிக்கிட்டு வந்து அவங்க கால் மேல ஏறி, அவங்களைப் பாத்துச்சு. "ஐயோ சாமீ!"ன்னு அவங்க ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டாங்க. என் பக்கம் இன்னொரு பிரேக் இருக்கே, அதை மிதிக்கலாம்னு காலை வச்சேன், அங்க அடியில ரெண்டாவது மீன். வழவழன்னு போகுது, பிரேக் பிடிக்கல. வண்டி நேராப் போய் இளநிக் குவியல் மேல ஏறி நின்னுச்சு. மாதா புண்ணியத்துல ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. ஆனா மீனைக் கையில எடுத்துக்கிட்டு நான் கீழ இறங்கினதுதான் தப்பாப் போச்சு. கூட்டம் கூடிடுச்சு. இளநிக்காரன், "இன்னா சார், மீனுக்குக் கலரடிச்சு விக்கிறியா?"ன்னு கேட்டான். ஒருத்தன் வீடியோ எடுத்தான். சாயங்காலத்துக்குள்ள, "மக்களே உஷார், புதுவையில் ரசாயனம் பூசிய மீன்"னு என் மூஞ்சியோட ஊரெல்லாம் சுத்திடுச்சு. நம்ம பங்குச் சாமியாரே எனக்கு அனுப்பி, "இது நீயா?"ன்னு கேட்டிருக்கார்.

அங்கேயே முடிவு பண்ணிட்டேன். "சிவசங்கரியம்மா, வண்டியை எடுங்க, கருவடிக்குப்பத்துக்கு விடுங்க, இன்னிக்கே பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன்"னேன். அந்தம்மாவும் பயத்துல பேசாம ஓட்டினாங்க. உண்மையைச் சொல்லணும்னா நேத்து நல்லாவே ஓட்டினாங்க. சந்துல வண்டியை நிறுத்திட்டு இறங்குறேன், உள்ளேருந்து ஒரு சத்தம். "கிளட்ச்சு! கிளட்ச்சு! கிளட்ச்சை மிதிக்காம கியரைப் போட்டா அது என்ன உங்க மாமனார் வீட்டு வண்டியா?" அக்கா, அது என் டயலாக். நான் வெளியில நிக்கிறேன், என் வசனம் உள்ள கேக்குது. சிவசங்கரியம்மா என்னைத் திரும்பிப் பாத்து, "சார், நீங்க பேசல தானே?"ன்னு கேட்டாங்க.

எட்டிப் பாத்தேன். நடுமுத்தத்துல பிள்ளைங்க கார் மாதிரி நிக்குதுங்க. நாலு பிள்ளைங்க நாலு டயரு, உக்காந்துக்கிட்டுச் சுத்துதுங்க. இனியவன்னு ஒரு பையன் தட்டு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறான், அவன் கத்துக்குற ஆளு. அவன் பக்கத்துல, சட்டையை உள்ள விட்டுக்கிட்டு, வயித்தை முன்னால தள்ளிக்கிட்டு, மீசைக்குக் கரி பூசிக்கிட்டு, ஒரு காலை ஓங்கி ஓங்கி மிதிச்சுக்கிட்டு நிக்கிறது மெரின்! நம்ம மெரின்! "கண்ணு ரோட்டுல இருக்கணும்! என் மூஞ்சியிலயா ரோடு போட்டிருக்கு? உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தா ஊர்ல ஆஸ்பத்திரி பத்தாது!" அப்படின்னு, வெளிச்சத்துல, அத்தனை பேர் முன்னாடி, தொண்டை கிழியக் கத்துறா. பிள்ளைங்க சிரிச்சுச் சிரிச்சு டயருங்க எல்லாம் உருண்டுபோய் விழுதுங்க. சிவசங்கரியம்மாவும் சிரிச்சாங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. "சார், இது போன செவ்வாக்கிழமை எனக்குச் சொன்னது, பாப்பா பின் சீட்டுல இருந்துச்சுல்ல"ன்னாங்க. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. நான் கத்துறது அவங்க உசுரைக் காப்பாத்த.

பூவிழி மெல்ல என் பக்கத்துல வந்து நின்னுச்சு. "இது மெரின் கதை சார். கொஞ்ச நாளா என் காதுல மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தா. யார் சொல்ற கதையா இருந்தாலும் நாங்க எல்லாரும் சேர்ந்து ஆடிப் பாப்போம். அப்பாவா யாரு நடிக்கிறதுன்னு இன்னிக்குக் கேட்டேன். நான்தான்னு கையைத் தூக்கிட்டா"ன்னுச்சு. அது சொன்னது என் காதுல பாதிதான் விழுந்துச்சு. ஏன்னா அதுக்குள்ள மெரின் என்னைப் பாத்துட்டா. பாத்ததும் அக்கா, தூக்கின கால் தூக்கினபடி நின்னுச்சு. வாய் மூடிக்கிச்சு. சட்டுன்னு சட்டையை வெளிய இழுத்து விட்டுக்கிட்டா. புறங்கையால மீசையைத் துடைச்சா, அது கன்னமெல்லாம் அப்பிக்கிச்சு. டயருங்க சுத்துறதை நிறுத்திட்டு என்னைப் பாக்குதுங்க. அந்தப் பெரிய ஸ்கூல்ல மூலையில நிக்கும்போது அவ மூஞ்சி எப்படி இருந்துச்சோ, அதே மூஞ்சி. ஆனா இந்தத் தடவை அது என்னைப் பாத்து வந்துச்சு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தவன், வாசல் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அந்தப் பூவிழி என்னை ஒண்ணும் கேக்கல. மெரின்கிட்ட போய்க் குனிஞ்சு, "அப்பாவும் ஆட்டத்துல சேரலாமா?"ன்னு கேட்டுச்சு. மெரின் ரொம்ப நேரம் யோசிச்சா. நான் வேண்டாம்னு சொல்லணும்னும் நினைக்கிறேன், அவ வேண்டாம்னு சொல்லிடக் கூடாதுன்னும் நினைக்கிறேன், அப்படி ஒரு இக்கட்டு. அப்புறம் பூவிழி காதுல ஏதோ குசுகுசுன்னு சொன்னா. பூவிழி நிமிர்ந்து, "எல்லாப் பாத்திரமும் குடுத்தாச்சாம் சார். ஸ்பீட் பிரேக்கர் மட்டும்தான் பாக்கி இருக்காம்"னுச்சு.

அக்கா, படுத்தேன். முப்பத்தெட்டு வயசுல, அயர்ன் பண்ண சட்டையோட, டிரைவிங் ஸ்கூல் பேட்ஜோட, அந்த முத்தத்துல குறுக்கால குப்புறப் படுத்தேன். சிவசங்கரியம்மாவைச் சிக்னலா நிறுத்திட்டாங்க, அந்தம்மா சந்தோஷமா கையைத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. என் மூக்குக்குக் கீழ ஒரு எறும்பு போச்சு. அப்புறம் மேலேருந்து சின்னதா ஒரு குரல், "மெதுவா." அப்புறம் கொஞ்சம் பெருசா, "மெதுவா, ஸ்பீட் பிரேக்கர் வருது." அப்புறம் பழையபடி தொண்டை கிழிய, "யோவ், கண்ணு தெரியல? செகண்டுக்கு வா, செகண்டுக்கு வா!" அப்படின்னு கத்திக்கிட்டு அத்தனை பிள்ளைங்களும் என் முதுகு மேல ஏறி இறங்கிப் போச்சுங்க. மறுபடி ரிவர்ஸ்ல வந்துச்சுங்க. இடுப்புல ஏதோ களுக்குன்னுச்சு. இன்னும் நான் நிமிர்ந்து நடக்கல.

இப்ப நீ சொல்லு அக்கா. (கோபத்துல மரியாதை கெட்டுப் போச்சு, மன்னிச்சுக்கோ, இனிமே எழுதினதை அடிக்கப் போறதில்ல.) ஒரு தகப்பனைப் படுக்கப் போட்டு மேல ஏத்துறதுக்குப் பேரு பள்ளிக்கூடமா? இது படிப்பா? பள்ளிக்கூடம் விட்டதும் மெரினையும் கூட்டிக்கிட்டு, சிவசங்கரியம்மாவை பேங்க்ல இறக்கி விட்டுட்டு வீட்டுக்கு வந்ததும், முதுகுல தைலம் தேய்ச்சுக்கிட்டே மெரினைக் கூப்பிட்டு, "இன்னிக்கு இன்னாம்மா கத்துக்கிட்ட?"ன்னு கேட்டேன். கொட்டாவி விட்டா. "ஏ பி சி சொல்லு"ன்னேன். தலையை ஆட்டிட்டுப் போய்ச் செவுத்துல ஒரு திமிங்கிலம் வரைஞ்சா. வர்ற வழியில எங்க தெருக் கடைக்காரர், "பாப்பா, எங்க போயிட்டு வர்ற?"ன்னு கேட்டதுக்கும், பழையபடி என் பேன்ட்டுலதான் மூஞ்சியைப் புதைச்சா. ஆக, கத்தினது நடிப்பு அக்கா. மீசை வச்சா பேசுறா, மீசை இல்லன்னா பேசல. நாளைக்கு ஒண்ணாங்கிளாஸ் இன்டர்வியூவுக்கு மீசை வச்சா கூட்டிக்கிட்டுப் போக முடியும்?

ராத்திரிச் சாப்பாட்டுல, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரத்தான் போனேன்னு வெரோனிகாகிட்ட சொன்னேன். தட்டைக் கீழ வச்சுட்டா. "அவளைக் காரைக்காலுக்கு அனுப்புறதுன்னா, கூட என் பெட்டியும் போகும்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அதோட சரி, காலையிலேருந்து பேச்சு இல்ல. உப்பு வேணும்னா உப்பு ஜாடியைப் படமா வரைஞ்சு காட்டிக் கேக்குற நிலைமையில நான் இருக்கேன். அவளைச் சமாளிக்க என்னால ஆகாது. உன் ஒருத்திக்குத்தான் அவ கொஞ்சம் பயப்படுவா. அதனால அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கையோட பஸ் ஏறி வந்துடு. அரிச்சுவடி, வாய்ப்பாடு, அந்தப் பெரிய சார்ட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு வா. பிரம்பு வேண்டாம். சரி, எடுத்துக்கிட்டு வா, ஆனா பையை விட்டு வெளிய எடுக்காத. வந்து, வெரோனிகாவை உக்கார வச்சு எடுத்துச் சொல்லி, மெரினைக் கையோட காரைக்காலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடு. நான் வாராவாரம் வந்து பாத்துக்குறேன். அவ இல்லாம வீட்டுல சத்தம் இருக்காது, அது ஒண்ணுதான், அதையும் பழகிக்கலாம். கண்டிப்பா வரணும். இதுல மாத்தமே இல்ல.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லவும். அவர் டீயில போடுற சர்க்கரையை மாதா பாத்துக்கிட்டு இருக்காள்னு நான் சொன்னதாச் சொல்லவும். தன் பெயரைத் தாங்கி நிற்கும் தங்களை ஆரோக்கிய அன்னை படியேறும்போதும் பஸ் ஏறும்போதும் முழங்கால் பிடித்துத் தூக்கிவிடவும், தங்கள் குடும்பம் தழைக்கவும், தினமும் இரவு ஜெபத்தில் முழங்காலில் நின்று (இன்று மட்டும் படுத்துக்கொண்டு) வேண்டிக்கொள்ளும்

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
த. தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: அக்கா, வராதே. இதை நான் தபால் ஆபீஸ் கவுண்டர்ல நின்னுக்கிட்டே எழுதுறேன், அதனால கையெழுத்தைப் பாத்து பயந்துடாத. இன்னிக்குச் சனிக்கிழமை, வெரோனிகா டூட்டிக்குப் போயிட்டா, அதனால மெரினைக் கூடக் கூட்டிக்கிட்டு ஸ்பீட் போஸ்ட் பண்ண வந்தேன். கவர் கனமா இருக்கேன்னு கவுண்டர்ல இருந்த அம்மா எடைபோட்டுப் பாத்து, "உள்ள என்ன சார் இருக்கு?"ன்னு கேட்டாங்க. வழக்கமாக் கேக்குறதுதான். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள என் காலுக்குப் பின்னாலேருந்து ஒரு குரல், "காரைக்கால் அத்தைக்கு லெட்டர். எங்கப்பா என்னைப் பத்தி எழுதியிருக்காரு." மீசை இல்ல அக்கா. ஆட்டம் இல்ல, பூவிழி இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மா எட்டிக் குனிஞ்சு, "அப்படியா கண்ணு, உன்னைப் பத்தி என்ன எழுதியிருக்காரு?"ன்னாங்க. "எனக்கு இன்னும் படிக்கத் தெரியாது, நீங்க அவரையே கேளுங்க"ன்னா. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. வரிசையில நின்ன அத்தனை பேரும் என்னைப் பாத்தாங்க. மெரினும் நிமிர்ந்து என் மூஞ்சியையே பாத்தா. அக்கா, எனக்கு வாய் வரல. தபால் ஆபீஸ் செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் கவரைத் திருப்பி வாங்கிப் பிரிச்சு இதை எழுதுறேன். திங்கக்கிழமை அவளைக் கருவடிக்குப்பத்துல நானே கொண்டுபோய் விடப் போறேன். நீ எப்பவாவது சும்மா பாக்க வர்றதா இருந்தா வா, சார்ட்டு வேண்டாம், வெறுங்கையா வா, ஆனா நீ பேசலாம்னு நினைச்சுக்கிட்டு வராத. இந்நேரத்துக்கு அவ அந்தம்மா பேரு கமலவேணின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அவங்க நாற்காலியில பாதியைப் பிடிச்சு உக்காந்துக்கிட்டு, நீல மீனோட கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கா. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, ஒருத்தரும் திட்டல. கவரை ஒட்டக் கோந்து வேணும், கோந்து டப்பா அவ கையில இருக்கு. குடும்மான்னு கேட்டேன். "இருங்கப்பா, நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல"ன்னுட்டா.